தோளைத் தொட்ட கரம்



இந்த மாதம் ஒரு குடிகாரரின் ஜீவிய சரித்திரத்தை உங்கள் முன் வைக்கிறோம். அவர் பெயர் ஜான் பார்த்தலோமியு காஃப். அவர் மரித்து 130 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவர் பெயரைக் கேள்விப்படாத வீடு அபூர்வம். 9,000 தடவைக்கு மேல் மேடை ஏறி குடியின் கேட்டைக் குறித்துப் பேசினவர் அவர். எங்கே பேசினாலும் மண்டபம் நிரம்பும், வாசலுக்கு வெளியே ஜனங்கள் நிற்பார்கள்.

நம் சபையிலும் குடியினாலே கண்ணீர் விடுகிற குடும்பங்கள் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்டு மூடி வைத்திருக்கிறவர்கள் உண்டு. குடியை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்லிவிட்டு, மறுபடியும் விழுந்துபோய், ஆராதனைக்கு வரவே கூச்சப்படுகிற சகோதரர்களும் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களை எப்படி நடத்துவது என்று தெரியாமல் இருக்கிற நமக்காகவும் இதை எழுதுகிறோம். பொறுமையாய் வாசியுங்கள்.

கடற்கரைக் கிராமத்துப் பையன்

இங்கிலாந்து தேசத்தில் கென்ட் மாவட்டத்தில் சாண்ட்கேட் என்று ஒரு கடலோர ஊர். அங்கே 1817 ஆகஸ்டு 22-ந் தேதி ஜான் பிறந்தார். தகப்பனார் யுத்தத்துக்குப் போய் வந்த பழைய பட்டாளத்துக்காரர், சொற்பப் பென்ஷனில் காலம் தள்ளினவர். தாயார் அந்த ஊரிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா. பக்தியுள்ள வீடு. பையனுக்குச் சின்ன வயசிலேயே நல்ல குரல். புஸ்தகத்தை எடுத்து வாசித்தால் பெரியவர்கள் நின்று கேட்பார்கள். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போர்ஸ் அந்த ஊருக்கு வந்திருந்தபோது அவர் முன்பாகவும் இந்தச் சிறுவன் வாசித்துக் காட்டினான்.

வீட்டிலே வறுமை. பையன் இங்கேயே இருந்தால் ஒரு தொழிலும் கற்க முடியாது என்று கண்டு, 1829-ம் வருஷம் அமெரிக்காவுக்குக் குடிபோகிற ஒரு குடும்பத்தோடு 12 வயசு ஜானை அனுப்பிவிட்டார்கள். கப்பல் புறப்பட்ட பிறகு காற்று இல்லாமல் கரைக்கு அருகிலேயே நின்றுவிட்டது. அந்த இராத்திரியில் தாயாரும் தங்கையும் ஒரு படகு அமர்த்திக்கொண்டு கப்பலண்டைக்கு வந்து, இன்னொரு தரம் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் திரும்பினார்கள். தாய்மார்களே, அந்தத் தாயின் மனசை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டு வருஷம் நியூயார்க் மாகாணத்தில் ஒரு பண்ணையில் வேலை. படிப்பும் இல்லை, தொழிலும் கற்றுத் தரவில்லை. பிறகு கையில் கொஞ்சம் சில்லறையோடு நியூயார்க் பட்டணத்துக்கு வந்து மெத்தடிஸ்டு சபையின் புஸ்தக அச்சகத்தில் சேர்ந்து புஸ்தகம் பைண்டு பண்ணுகிற வேலையைக் கற்றுக்கொண்டார். 1833-ல் தாயையும் தங்கையையும் வரவழைத்தார். தகப்பனார் பென்ஷன் காரியமாய் ஊரிலேயே தங்கிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் வேலை போயிற்று. மூவரும் ஒரு மேல்மாடி அறையில் குடியிருந்தார்கள். குளிர்காய விறகு இல்லை. தாயாருக்குச் சூப் வைத்துக் கொடுக்கக் கொஞ்சம் இறைச்சி வாங்குவதற்காக ஜான் தன் மேல்கோட்டை விற்றார். அடுத்த வருஷம் 1834 ஜூலையில் ஒரு நாள், மகனுக்குச் சாப்பாடு ஆக்கிக்கொண்டிருந்தபடியே அந்த அம்மாள் தரையில் சாய்ந்து மரித்துப்போனார். அடக்கத்துக்குப் பணமில்லை. ஏழைகளைப் புதைக்கிற பொது நிலத்துக்குப் பலகைப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனும் தங்கையும் வண்டிக்குப் பின்னாலே நடந்தார்கள். ஜானுக்கு அப்போது 17 வயசுகூட முடியவில்லை.

குடியில் இருந்த சந்தோஷம்

இனி நடந்ததைச் சிலர் மறைத்துச் சொல்லுவார்கள். நாங்கள் உள்ளபடியே சொல்லுகிறோம். குடியிலே ஜானுக்குச் சந்தோஷம் கிடைத்தது.

எப்படியென்றால், தாயை இழந்து அந்நிய தேசத்தில் தனியாய் நிற்கிற பையன். சாயங்காலம் வேலை முடிந்தால் போக ஒரு வீடு இல்லை. கடையிலே கூட வேலை செய்கிற வாலிபர்கள் அவரைச் சாராயக் கடைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே விளக்கு உண்டு, அனல் உண்டு, சிரிப்பு உண்டு. ஜான் பாட்டுப் பாடுவார், மற்றவர்களைப் போலவே பேசி நடித்துக் காட்டுவார், கதை சொல்லுவார். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இன்னொரு பாட்டுப் பாடு, இன்னொரு கிளாஸ் குடி என்பார்கள். பகல் முழுதும் யாருக்கும் வேண்டாதவராய் இருந்தவர், இராத்திரியிலே அந்தக் கூட்டத்துக்கு ராஜா! ஒன்றிரண்டு கிளாஸ் உள்ளே போனதும் தாயின் பெட்டி போன வண்டிச் சத்தம் காதிலே மங்கிப்போகும்.

பிரியமானவர்களே, குடிக்கிற மனுஷனைப் பார்த்து, அதிலே அப்படி என்னதான் இருக்குதோ என்று நாம் சலித்துக்கொள்ளுகிறோம். இருக்குது. அதனால்தான் போகிறான். மது மூளையிலே போய் பயத்தையும் கூச்சத்தையும் கொஞ்ச நேரம் அடக்கி, இன்பத்தைத் தூண்டிவிடுகிறது என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. தனிமையும் துக்கமும் உள்ளவனுக்கு அது பெரிய ஆறுதலாய்த் தெரியும். இதை ஒத்துக்கொள்ளாமல் நாம் புத்தி சொன்னால், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் தள்ளிவிடுவான்.

ஜானின் திறமையைப் பார்த்து நாடகக் கொட்டகைக்காரர்களும் கூப்பிட்டார்கள். பாஸ்டன் பட்டணத்தில் ஒரு நாடகத்தில் நடித்தார். அது மதுவிலக்குக்காரர்களைக் கேலி பண்ணுகிற நாடகம். மோசே கிராண்ட் என்ற ஒரு டீக்கனாரை அதிலே பரிகாசம் பண்ணினார்கள். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

கை நடுங்கின நாட்கள்

சந்தோஷத்துக்காகக் குடித்த காலம் சில வருஷந்தான். அதன்பின் சந்தோஷம் போய்விட்டது, குடி மட்டும் நின்றது. பைண்டிங் வேலைக்குக் கை நிதானமாய் இருக்க வேண்டும். தோலை அளந்து வெட்ட வேண்டும், அட்டையின்மேல் தங்க எழுத்து பதிக்க வேண்டும். ஜானின் கையோ காலையிலே நடுங்கும். நடுக்கம் நிற்க ஒரு கிளாஸ் வேண்டும். முன்னே பாட்டுக்காகக் குடித்தவர், இப்போது கை நிற்பதற்காகக் குடித்தார்.

ஒரு ஊரில் வேலை போனால் அடுத்த ஊர். கலியாணம் பண்ணினார், சொந்தமாய்ப் பைண்டிங் கடையும் வைத்துப் பார்த்தார். எல்லாம் குடியிலே போயிற்று. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் என்ற ஊருக்கு வந்து வேலைக்கு அமர்ந்தார். அங்கே மனைவியும் பிறந்த குழந்தையும் அடுத்தடுத்து மரித்துப்போனார்கள். அந்தத் துக்க வீட்டிலும் ஜான் குடித்திருந்தார். மனைவியின் சரீரம் கிடந்த அறையிலே போதையோடு நின்றவர் அவர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்பாக அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய குரல் உடைந்துபோகும்.

ஒருநாள் விஷ மருந்துச் சீசாவை வாங்கிக்கொண்டு ரயில் பாதை ஓரத்தில் போய் நின்றார். சீசா உதடுவரை வந்தது. ஆனாலும் குடிக்காமல் எறிந்துவிட்டார். ஆண்டவருடைய கரம் அங்கேயே அவரைத் தடுத்தது என்று நாம் விசுவாசிக்கிறோம்.

வூஸ்டர் வீதியில் ஒரு ஞாயிறு மாலை

1842 அக்டோபர் மாதக் கடைசி. குளிர் தொடங்கிவிட்டது. ஜானுக்கு 25 வயசு. கிழிந்த உடுப்பு, கையிலே காசில்லை, எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீதியிலே தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலே யாரோ வந்து தோளைத் தொட்டார்கள்.

வழக்கமாய் ஒரு குடிகாரன் தோளிலே விழுகிற கை எப்படிப்பட்டது? கடன்காரன் கை. போலீஸ்காரன் கை. வெளியே போடா என்று தள்ளுகிற கடைக்காரன் கை. இந்தக் கையோ மெதுவாய், அன்பாய்த் தொட்டது. திரும்பிப் பார்த்தார். ஜோயல் ஸ்ட்ராட்டன் என்ற ஒரு மனுஷன். பெரிய பிரசங்கியாரா? இல்லை. மது விற்காத ஒரு ஓட்டலில் சாப்பாடு பரிமாறுகிற சர்வர்! அவர் ஜானை மரியாதையாய்ப் பெயர் சொல்லி அழைத்து, குடித்திருக்கிறீர்கள் போலிருக்கிறதே என்று விசாரித்தார். ஒருகாலத்தில் எவ்வளவு நன்றாய் இருந்தீர்கள், மறுபடியும் அப்படி மரியாதையாய் வாழ ஆசையில்லையா என்று கேட்டார். ஜான் தன்னால் முடியாது, செத்துப்போனால் போதும் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். ஸ்ட்ராட்டன் விடவில்லை. நாளைக்கு டவுன் ஹாலில் கூட்டம் இருக்கிறது, வாருங்கள், குடிப்பதில்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், நான் கூடவே இருப்பேன் என்றார்.

அந்நாட்களில் அமெரிக்காவில் ஒரு எழுப்புதல் போல இந்த இயக்கம் பரவியிருந்தது. 1840 ஏப்ரலில் பால்டிமோர் பட்டணத்தில் ஆறு குடிகாரர்கள் ஒரு மதுக்கடையிலே உட்கார்ந்திருந்தபோதே, இனி குடிப்பதில்லை என்று தங்களுக்குள் தீர்மானித்துத் தொடங்கினது அது. குடித்தவனே குடிக்கிறவனைத் தேடிப் போய் அழைத்து வருவான், தன் கதையைச் சொல்லுவான். வாஷிங்டனியர் என்று அவர்களுக்குப் பெயர்.

மறுநாள் திங்கட்கிழமை. போகலாமா வேண்டாமா என்று பெரிய போராட்டம். குடித்துக்கொண்டேதான் அந்தப் பகலைக் கழித்தார். ஆனாலும் இராத்திரி கூட்டத்துக்குப் போனார். பழைய ஓவர்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார், உள்ளே இருக்கிற கந்தல் தெரியக்கூடாதல்லவா! எழுந்து நின்று தன் கதையைக் கொஞ்சம் சொன்னார். நடுங்குகிற கையாலே கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரத்தின் போராட்டம்

கையெழுத்துப் போட்டதும் எல்லாம் சுகமாயிற்று என்று நினையாதேயுங்கள். அதற்குப் பிறகுதான் நரக வேதனை. பல வருஷம் குடித்த சரீரம் திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. மறுநாள் கடையிலே பைண்டிங் பிரஸ்ஸின் திருகைத் திருப்புகிற இரும்புக் கம்பியைப் பிடித்தார். அது கையிலே பாம்பாய் நெளிவதுபோல் தெரிந்தது. சுவரிலே கோர முகங்கள் தெரிந்தன. தூக்கமில்லை, சாப்பாடில்லை.

இந்த இடத்தில் ஒரு காரியத்தைக் கவனமாய்ச் சொல்லவேண்டும். தினமும் அதிகமாய்க் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இன்று இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. ஆகையால் உங்கள் வீட்டில் ஒருவர் குடியை நிறுத்தத் தீர்மானித்தால், அறையிலே பூட்டி வைக்காதிருங்கள். டாக்டரிடம் கொண்டுபோங்கள், கூடவே ஜெபியுங்கள். இரண்டும் வேண்டும்.

ஜானின் முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனையோ தடவை ஏமாந்தவர் அல்லவா? அவர் சந்தேகமாய்ப் பேசினது ஜானின் மனசை உடைத்துவிட்டது. நம்மை யாருமே நம்பாதபோது எதற்காக இந்தக் கஷ்டம், போய்க் குடித்துவிடலாம் என்கிற விளிம்புக்கு வந்துவிட்டார். அந்த வேளையிலே கடைக்குள் ஒருவர் வந்தார். ஜெஸ்ஸி குட்ரிச் என்ற வக்கீல், ஊரிலே மதிப்புள்ளவர். நேற்று இரவு நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம், என் ஆபீஸுக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று கைகொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷ வேலை! அந்த இரண்டு நிமிஷம் தன்னை அன்றைக்குக் காப்பாற்றினது என்று ஜான் கடைசிவரை சொல்லிவந்தார்.

ஸ்ட்ராட்டன் ஒரு கை கொடுத்தார், குட்ரிச் ஒரு கை கொடுத்தார். அந்த வாரத்தை ஜான் கடந்துவிட்டார்.

பிறகு கூட்டங்களில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். முதல் தடவை ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் பேசினார். புதுச் சட்டை இன்னும் தைத்து வரவில்லை. பக்கத்திலே அடுப்பு எரிகிறது, வேர்த்து ஊற்றுகிறது, ஆனாலும் கந்தல் தெரியுமே என்று ஓவர்கோட்டைக் கழற்றாமலே பேசினார்! முன்னே மதுக்கடையிலே ஜனங்களைச் சிரிக்க வைத்த அதே நாவு, அதே நடிப்பு, இப்போது குடிகாரரை அழவைத்து எழுப்பிவிட்டது.

மறுபடியும் விழுந்தார்

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு எவ்வளவு சவுகரியம்! ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். ஐந்து மாசம் கழித்து 1843-ல், ஓய்வில்லாமல் பேசி உடம்பும் மனசும் தளர்ந்திருந்த சமயத்தில், ஒருவரிடமும் சொல்லாமல் பாஸ்டனுக்குப் போனார். அங்கே நாடகக் கொட்டகையில் பழைய சிநேகிதர்கள் கண்டு சந்தோஷமாய்ப் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிடக் கூட்டிப்போனார்கள். பேச்சும் சிரிப்புமாய் இருக்கையில் ஒருவர் பிராந்தி கிளாஸை நீட்டினார். ஜான் யோசிக்காமல் வாங்கிக் குடித்துவிட்டார். ஒன்று போனதும் மற்றதெல்லாம் தொடர்ந்தது.

கவனியுங்கள். யாரும் பகையாய் அவரை விழப்பண்ணவில்லை. முதலிலே அவரைக் குடிக்கு இழுத்த அதே சிநேகமும் சிரிப்பும்தான் மறுபடியும் இழுத்தது. குடியை விட்டவனுக்குப் பழைய கூட்டத்தின் மேஜை ஆபத்தான இடம். ஒரே ஒரு கிளாஸ்தானே, என்ன ஆகப்போகுது என்பது மற்றவருக்குச் சாதாரணமாய்த் தோன்றலாம். அவனுக்கு அப்படியல்ல. அவனுடைய சரீரம் அந்த வழியை மறக்கவில்லை.

ஜான் வூஸ்டருக்குத் திரும்பினார். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாம் என்று யோசித்தார். ஆனாலும் கூட்டத்தில் எழுந்து நின்று விழுந்ததை அறிக்கை செய்தார். ஜனங்கள் கல்லெறியவில்லை. மறுபடியும் கையெழுத்துப் போட வைத்து, மறுபடியும் பேச அனுப்பினார்கள். அந்த வருஷம் நவம்பரில் மேரி விட்காம் என்ற பக்தியுள்ள பெண்ணை விவாகம் பண்ணினார். அந்த அம்மாள் 42 வருஷம் அவருக்குத் துணையாய் நின்றார்கள்.

முன்னே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன மோசே கிராண்ட் டீக்கனார் நினைவிருக்கிறதா? நாடகத்தில் தன்னைக் கேலி பண்ணின கூட்டத்தில் இருந்த அதே ஜானை, அவர் தன் பிள்ளையைப் போலச் சேர்த்துக்கொண்டு பாஸ்டனில் கூட்டங்கள் ஒழுங்குபண்ணிக் கொடுத்தார்!

சபை என்ன செய்தது?

1845-ல் ஜான் பாஸ்டனில் மவுண்ட் வெர்னன் சபையில் அங்கமாய்ச் சேர்ந்திருந்தார். அந்த வருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு வாரம் காணாமற்போனார். தேடினார்கள். கடைசியில் மரியாதையற்ற ஒரு வீட்டில் போதையோடு கண்டுபிடித்தார்கள். தெரிந்தவன்போல வந்த ஒருவன் கொடுத்த சோடாவில் ஏதோ கலந்திருந்தது, அதைக் குடித்தபின் மதி மயங்கிப்போயிற்று என்று ஜான் சொன்னார். எதிரிகள் நம்பவில்லை. பத்திரிகைகள் கிழித்துப் போட்டன. மதுக்கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்!

சபை என்ன செய்தது? மூடி மறைக்கவுமில்லை, விரட்டவுமில்லை. உட்கார்ந்து விசாரித்தது. அவர் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டதையும் அவருடைய மனஸ்தாபத்தையும் கண்டு, தன் அங்கத்தினராகவே வைத்துக்கொண்டது. அதன்பின் ஜான் காஃப் மரிக்கும் நாள்வரை, 40 வருஷம், குடிக்கவே இல்லை.

அன்று அந்தச் சபை அவரைத் தள்ளியிருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரியமும் சொல்லவேண்டும். பத்து வருஷம் கழித்து இதே மவுண்ட் வெர்னன் சபைக்கு ஒரு செருப்புக் கடைப் பையன் வந்தான். அவனுடைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் எட்வர்டு கிம்பல், 1855 ஏப்ரலில் கடைக்கே தேடிப் போய், அவன் தோளிலே கை வைத்து இயேசுவின் அன்பைச் சொன்னார். அந்தப் பையன்தான் டி. எல். மூடி! ஒரே சபை. அங்கே குடிகாரனுக்கும் இடமிருந்தது, செருப்புக் கடைப் பையனுக்கும் இடமிருந்தது.

மேடையும் முடிவும்

1853-ல் இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. ஆறு வாரத்துக்கென்று போனவர் இரண்டு வருஷம் தங்கிப் பேசினார். தரித்திரனாய்ப் புறப்பட்ட தேசத்துக்கே சாட்சியாய்த் திரும்பினார். பிறகும் இரண்டு தடவை போனார். சட்டத்தினால் மட்டும் குடியை நிறுத்திவிடலாம் என்று சொன்னவர்களுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை வந்தது, வழக்கும் நடந்தது. அவருடைய பாரமெல்லாம் மனுஷன்மேல்தான்.

தன் தோளைத் தொட்ட ஸ்ட்ராட்டனை அவர் மறக்கவில்லை. 1860-ல் அந்த ஏழை மனுஷன் மரணப்படுக்கையில் இருந்தபோது ஜான் போய்ப் பார்த்து, உம்முடைய ஒரு வார்த்தையினால் எத்தனை பேர் பிழைத்தார்கள் தெரியுமா என்று எடுத்துச் சொன்னார். தான் செய்தது பெரிய காரியம் என்று ஸ்ட்ராட்டனுக்கே தெரிந்திருக்கவில்லை! அவர் மரித்தபின் அவருடைய விதவையையும் ஜான் ஆதரித்தார்.

1886 பிப்ரவரி 15-ந் தேதி பிலடெல்பியா பட்டணத்தில் பிராங்க்ஃபோர்டு பிரஸ்பிட்டேரியன் சபையில் ஜான் பேசிக்கொண்டிருந்தார். வயசு 68. வாலிபரைப் பார்த்து, உங்கள் ஜீவியக் கணக்கைக் கறையில்லாமல் காத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சாய்ந்தார். மூன்றாம் நாள், 18-ந் தேதி, ஓட்டம் முடிந்தது. தள்ளாடி நடந்த அதே வூஸ்டர் ஊரின் மண்ணிலே, இப்போது கனத்தோடே அடக்கம்பண்ணப்பட்டார்.

நமக்கு என்ன?

குடி இன்றைக்கும் அழிக்கிறது. 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 26 லட்சம் பேர் மதுவினால் உண்டான வியாதிகளாலும் விபத்துகளாலும் மரித்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. கல்லீரல், இருதயம், புற்றுநோய், ரோட்டு விபத்து, வீட்டிலே அடிதடி, எல்லாம் அந்தக் கணக்கிலே இருக்கிறது. நீதிமொழிகள் 23-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை இன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். குடியின் அழகையும் அதன் விஷத்தையும் வேதம் ஒரே இடத்தில் காட்டுகிறது.

சகோதரனே, நீ குடியோடு போராடுகிறாயா? முதலிலே வந்த சந்தோஷம் இப்போது இருக்கிறதா என்று உன்னையே கேட்டுப்பார். ஒருவேளை விட்டுவிட்டு மறுபடியும் விழுந்திருக்கிறாயா? ஜானும் விழுந்தார். ஒளித்து வைக்காதே. ஒரு மூப்பரிடமோ நம்பிக்கையான ஒரு விசுவாசியிடமோ சொல். பழைய கூட்டத்தின் மேஜையை விட்டுத் தூரமாய்ப் போ. டாக்டரைப் பார்க்க வெட்கப்படாதே. ஆண்டவர் உன்னை விட்டுவிடவில்லை. மூன்று தரம் மறுதலித்த பேதுருவையும் கடற்கரையிலே தேடி வந்தவர் அவர்.

குடிக்கிறவரோடு குடித்தனம் பண்ணுகிற சகோதரியே, இது உன் குற்றமல்ல. அவரைத் திருத்துகிற பாரம் முழுவதையும் நீ ஒருத்தியே சுமக்கத் தேவையில்லை. அடித்தால் பொறுத்துக்கொண்டிரு என்று கர்த்தர் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போ. சபைக்குத் தெரியப்படுத்து.

மற்ற விசுவாசிகளே, நம் காரியம் என்ன? ஜானுக்குச் சாராயக் கடையிலே கிடைத்தது விளக்கும் அனலும் சிநேகமுந்தான். அது நம் வீடுகளிலும் ஜெபக்கூட்டங்களிலும் கிடைக்காவிட்டால் அவன் வேறெங்கே போவான்? அவனைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி நடக்கிறோமா? ஆசாரியனும் லேவியனும் அப்படித்தான் போனார்கள். ஓட்டலில் பரிமாறுகிற சர்வருக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. தோளைத் தொடத் தெரிந்தது, மரியாதையாய்ப் பெயர் சொல்லத் தெரிந்தது, நான் கூட வருகிறேன் என்று சொல்லத் தெரிந்தது. இதற்குப் படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம்.

இந்த வாரம் நம் தெருவிலே, நம் உறவிலே, ஒருவருடைய பெயரை ஆண்டவர் உங்கள் நினைவுக்குக் கொண்டுவருவார். அவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாமல் போய்ப் பாருங்கள். ஒருதரம் போனால் போதாது. அவர் விழுந்தாலும் இன்னொரு தரம் போங்கள்.

கர்த்தர் தாமே நம் கரங்களை அப்படி உபயோகிப்பாராக. ஆமென்.